பிடிக்குது, பிரிக்கணும்

ஆல்ட்ரேசன்காரி கிட்ட யாரும் சிரிச்ச முகத்தோட வந்ததா சரித்திரமே கிடையாது. கடைக்குள்ள நுழையும்போது எல்லாரும் சிரிச்சுக்கிட்டுதான் வாராங்க. நாப்பது உருப்படியை இழுத்துப் போட்டு, அதுல ஒண்ணைப் பொறுக்கி, மாட்டிப் பாத்து, கண்ணாடியில தன்னையே மேலயும் கீழயும் பாத்து, வந்த கோவத்தை அப்படியே கையில எடுத்துக்கிட்டு எங்கிட்ட வருவாங்க. என்னமோ அந்தத் துணியை நான்தான் பெத்த மாதிரி.

பாளையங்கோட்டைக்குப் பக்கத்துல, வண்ணாரப்பேட்டையில ஒரு பெரிய ஜவுளிக்கடை. ரெண்டாவது மாடியில பொம்பளைங்க ரெடிமேடு. ட்ரையல் ரூமை ஒட்டி ஒரு தையல் மிஷின், ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல நான். பேரு பேச்சியம்மாள், எல்லாருக்கும் பேச்சியக்கா. பதினாலு வருஷம் ஆச்சு. உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? உங்க பீரோவுலயும் ஒண்ணு கிடக்கும்லா, ‘கொஞ்சம் மெலிஞ்ச பொறவு போட்டுக்கிடலாம்’னு மடிச்சு வச்சது?

எங்க தொழிலுக்கு ரெண்டே வார்த்தைதான். துணி தொளதொளன்னு இருந்தா ‘பிடிக்கணும்’. இறுக்குனா தையலைப் ‘பிரிக்கணும்’. யாராவது ‘பிடிக்குது’ன்னா எங்க இறுக்குதுன்னு பாப்பேன். ‘பிடிக்கல’ன்னா, அப்பாடா, அளவு சரியா இருக்குன்னு அடுத்த உருப்படியை எடுப்பேன். ஊர் உலகத்துல இந்த வார்த்தைக்கெல்லாம் வேற அர்த்தம் இருக்குங்கது எனக்கு மறந்தே போச்சு. அதுக்கு நான் பட்ட பாடுதான் இது.

எந்தப் பிள்ளை மாடிப்படி ஏறி வந்தாலும் டேப் இல்லாமலே அளவு சொல்லிருவேன், அரை இஞ்சு முன்னப்பின்ன இருக்காது. ஒரே ஒரு ஆளோட அளவுதான் எனக்குத் தெரியாது. என் மக கோமதி. தோள் பதினாலு, மார்பு முப்பத்திநாலு, இடுப்பு இருபத்தெட்டு. இது மூணு வருஷத்துக்கு முந்தின அளவு. இப்ப அவ திருப்பூர்ல இருக்கா, எங்களுக்குள்ள பேச்சு இல்ல. இளைச்சாளா, தடிச்சாளா, ஒண்ணும் தெரியாம இங்கன உக்காந்து ஊருக்கெல்லாம் அளவு எடுத்துக்கிட்டு இருக்கேன்.

மாரி போட்ட பில்லு

மாரி எங்க மாடியில சேல்ஸ்ல இருக்கா. கோமதி கூட பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுல இருந்தவ. அவ வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு காலேஜ் பிள்ளை, பாளையங்கோட்டையில இருந்து சிநேகிதிங்க அஞ்சாறு பேரோட வந்துது. ஆண்டு விழாவுக்கு ஒரு நீலக் கலர் சுடிதாரு. உடம்போட ஒட்டி நிக்கணுமாம். மீடியத்தை எடுன்னு நான் சொல்லச் சொல்ல, ஸ்மாலை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டு.

கொஞ்ச நேரத்துல ட்ரையல் ரூமுக்குள்ள இருந்து சத்தம் கேக்கு: “எக்கா, ரொம்பப் பிடிச்சிருக்கு!” மாரிக்கு வாயெல்லாம் பல்லு. முதல் வாரம்லா! “சந்தோசம்மா!”ன்னு கத்திக்கிட்டு பில்லு போட ஓடுதா. உள்ள இருந்து மறுபடியும், “எக்கா, ரொம்ப ரொம்பப் பிடிச்சிருக்கு, சீக்கிரம் வாங்களேன்!” இவ அங்கன இருந்து, “இந்தா, பில்லு போட்டாச்சு, ஒரே நிமிசம்!”ங்கா. சிநேகிதிங்க வேற வெளிய நின்னு கைதட்டுதாங்க.

எனக்கு அந்தக் குரல்லயே வெளங்கிட்டு. கத்தரியை எடுத்துக்கிட்டு ஓடுனேன். கதவைத் திறந்தா, ரெண்டு கையும் மேல, தலை உள்ள, சுடிதார் கழுத்துல சுருண்டு கிடக்கு. பிள்ளை போலீசைக் கண்ட திருடன் மாதிரி கையைத் தூக்கிட்டு நிக்கி. சைடுல ரெண்டு இஞ்சு பிரிச்சு விட்ட பொறவுதான் மூச்சு வந்துது. வெளிய வந்து, பில்லும் கையுமா நிக்குத மாரியைப் பாத்து அது சொல்லுச்சு: “எக்கா, எனக்கு ஒண்ணும் சுடிதாரைப் பிடிக்கல, சுடிதாருதான் என்னையப் பிடிச்சிருந்துது!”

மூச்சு

மேடம் ஒருத்தங்க உண்டு. பாளையங்கோட்டையில அரசாங்க ஆபீஸ்ல பெரிய வேலை. வெளிய ஜீப்பு நிக்கும், டிரைவரு நிப்பாரு, அவங்க குரலைக் கேட்டா எங்க ஃப்ளோர் மேனேஜரே எந்திரிச்சு நிப்பாரு. ஆனா என் டேப்புக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுதான். இடுப்புல டேப்பை வச்சதும் மூச்சை உள்ள இழுத்துக்கிடுவாங்க. “மூச்சை விடுங்க மேடம்”பேன். “விட்டாச்சு”ன்னு தொண்டையில இருந்து சத்தம் மட்டும் வரும். நீங்களும் செய்யுதீங்கதானே? சிரிக்காதீங்க, நானும் செய்வேன்.

வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால ஒரு கத்திரிப்பூக் கலர் சுடிதாரைக் கொண்டாருவாங்க. எங்க கடைத் துணி கூட கிடையாது. வேலைக்கு ஆர்டர் வந்த அன்னைக்குப் போட்டிருந்ததாம். தாலுகா ஆபீஸ் வாசல்ல அவங்க அப்பா சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நிக்க, இவங்க அந்தச் சுடிதாரோட உள்ள போயி கையெழுத்துப் போட்டிருக்காங்க. அப்பா இப்ப இல்ல. முதல் வருஷம் அரை இஞ்சு பிரிச்சேன். அடுத்த வருஷம் கால் இஞ்சு. அதுக்கடுத்த வருஷம் துப்பட்டாவுல இருந்து ஒரு பட்டை வெட்டி சைடுல வச்சேன். இந்த வருஷம் உள்ள திருப்பிப் பாத்தேன், விளிம்புதான் இருக்கு.

“மேடம், இதுக்கு மேல பிரிக்க இதுல ஒண்ணும் இல்ல”ன்னேன். கோவப்படுவாங்கன்னு பாத்தேன், படல. துணியை வாங்கி, அழகா மடிச்சு, மடியில வச்சுக்கிட்டு என் ஸ்டூல் பக்கத்துலயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. துணியில உள்ள துணி தீர்ந்துரும், ஆசை தீராது போல. எந்திரிக்கும்போது சொன்னாங்க: “பரவால்ல பேச்சி, இனிமே நான் போட வேண்டாம், அது என் பக்கத்துல இருந்தாப் போதும்.”

கை வளையம்

உடன்குடியில இருந்து ஒரு அண்ணாச்சி வந்தாரு. கருப்பட்டி யாவாரம். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில கண்ணாடி, பொம்பளைங்க செக்சனுக்குள்ள வந்ததுக்கே வேர்த்துக் கொட்டுது. வீட்டுக்காரிக்கு மூட்டு வலியாம், டாக்டரு தினம் நடக்கச் சொல்லிருக்காராம், சீலை காலைத் தடுக்குதுன்னு சுடிதார் வேணுமாம். கட்டுன நாள்ல இருந்து சீலையைத் தவிர வேற உடுத்தாத பொம்பளை. கடைக்கு வர வெக்கப்பட்டுக்கிட்டு இவரை அனுப்பிருக்கா.

மாரி கேக்கா, “என்ன சைஸ் அண்ணாச்சி, எல்லா, எக்ஸெல்லா?” அவரு, “எள்ளும் வேண்டாம் உளுந்தும் வேண்டாம் தாயி, சுடிதாரு மட்டும் போதும்”ங்காரு. சிரிப்பை அடக்கிக்கிட்டு நான் கிட்டப் போயி, “ஆளு எப்படி இருப்பாங்க அண்ணாச்சி?”ன்னு கேட்டேன். மனுசன் சுத்திமுத்தும் பாத்தாரு. பைய ரெண்டு கையையும் முன்னால நீட்டி, வளைச்சு, ஒரு வளையம் போட்டாரு. கண்ணை மூடிக்கிட்டாரு. வளையத்தை ஒரு பொடி இறுக்குனாரு, பொறவு கொஞ்சம் தளத்துனாரு. “இம்புட்டு”ன்னாரு. நான் டேப்பை அந்த வளையத்துக்கு உள்பக்கமா ஓட்டி எடுத்தேன். நாப்பத்தாறு.

அன்னைக்கு சாயங்காலம் வீட்டுல அடுப்பங்கரையில நின்னு நானும் கையை வளைச்சுப் பாத்தேன். கோமதியைக் கடைசியா எப்ப கட்டிப் பிடிச்சேன்? எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல. டேப் வச்சு நூறு தடவை அளந்திருக்கேன். சும்மா, அளவு எடுக்காம, ஒரு தடவை கட்டிப் பிடிச்சிருக்கலாம்லா? கைக்குள்ள வெறுங்காத்துதான் இருந்துது. மறு மாசம் அந்த அண்ணாச்சி ஒரு ஓலைப்பெட்டிக் கருப்பட்டியோட வந்து, என் காது கிட்ட சொன்னாரு: “கச்சிதமா இருக்குன்னா, அளவு எப்படித் தெரியும்னு கேட்டா, நான் சொல்லல, நீங்களும் எங்கயும் சொல்லிராதீங்கம்மா.”

முகூர்த்த ஜாக்கெட்

இனிமே சொல்லாம இருக்க முடியாது.

கோமதி படிச்சு முடிச்சதும் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் வேலைக்குப் போனா. போயி ரெண்டு வருஷம் ஆகும்போது முக்கூடல்ல இருந்து ஒரு மாப்பிள்ளை வந்துது. வயல் உண்டு, உரக்கடை உண்டு, பையன் தங்கமான பையன், இப்பவும் அதைச் சொல்லுவேன். எங்க வீட்டுல அவுக, கோமதி அப்பா, மினி பஸ் ஓட்டுதாக. நான் துணி கிழிக்கேன். இப்படி ஒரு இடம் வந்தா நாங்க யோசிப்போமா? பேசி முடிச்சு, பிள்ளையை லீவு போட்டு வரச் சொல்லி, அரக்குக் கலர் முகூர்த்த சீலைக்கு ஜாக்கெட்டை நானே வெட்டுனேன். பதினாலு வருஷத்துல அப்படி ஒரு ஜாக்கெட் நான் தச்சது கிடையாது. மடிப்பு எங்கயும் விழல. போட்டு நின்னா, பிள்ளை தோலே அரக்குக் கலரா மாறுன மாதிரி இருந்துது.

“பிடிக்குதாட்டி?”ன்னு கேட்டேன். “பிடிக்கலம்மா”ன்னா. எனக்கு மனசு குளுந்துட்டு. அக்குள்கிட்ட கைக்குழிக்குள்ள விரலை விட்டுப் பாத்தேன், விரல் தாராளமா போயிட்டு வருது. “பிடிக்கலைல்லா, அப்ப சரி”ன்னு நூலைப் பல்லால கடிச்சு அத்துவிட்டேன். அவ அங்கனயே நின்னா. திரும்பவும், “அம்மா, பிடிக்கல”ன்னா. “அதான் காதுல விழுந்துட்டே, எத்தனை தடவை சொல்லுவே, கழட்டு, கொக்கி வைக்கணும்”னு வெடுக்குன்னு சொன்னேன். கழட்டிக் குடுத்தா. நான் கொக்கி வச்சேன்.

நாலாம் நாள் விடியக்காலம் பிள்ளை வீட்டுல இல்ல. திருப்பூரு போயிச் சேந்துட்டு போன் பண்ணுனா. கூட வேலை பாக்குத ஒருத்தனும் அவளும் ஆசைப்பட்டு வச்சிருக்காங்க. அவனையே பொறவு கட்டிக்கிட்டா. எங்க வீட்டுல அவுக, “இனிமே அவ பேரு இங்கன காதுல விழக்கூடாது”ன்னாக. நான் மட்டும் லேசுப்பட்டவளா? “பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லத் தெரியாதா? இந்த வீட்டுல இனிமே உனக்கு அளவு கிடையாது, போன் பண்ணாதே”ன்னு கத்துனேன். சொன்ன பேச்சைக் கேக்காத பிள்ளை அந்த ஒரு பேச்சை மட்டும் மூணு வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கா. போனை வைக்கும் முன்னால அவ சொன்னது இன்னும் என் காதுல கிடக்கு: “சொன்னேன்மா, ரெண்டு தடவை சொன்னேன், நீதான் கைக்குழியில விரலை விட்டுப் பாத்தே.”

எங்க அளவு

கடையில எங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு யூனிஃபார்ம் சீலை. ஜாக்கெட்டை மொத்தமா வெளிய குடுத்துத் தச்சுக் கொண்டாருவாங்க, மூணே சைஸ். ஒல்லிக்குச்சி மாரிக்கும் எல், எனக்கும் எல். அவளுக்கு அதுக்குள்ள இன்னொரு மாரி போகலாம். எனக்குக் கையைத் தூக்குனா அக்குள்ல தையல் விட்டுப் போகும். பக்கத்துலதான் மிஷின் இருக்கு, ஆனா யூனிஃபார்ம்ல கை வைக்கக்கூடாதுன்னு உத்தரவு. ஒரு நாள் கண்ணாடி முன்னால ரெண்டு பேரும் நின்னோம். மாரி ரெண்டு கையாலயும் தன் ஜாக்கெட்டைப் பிடிச்சு இழுத்துக் காட்டிச் சொன்னா: “எக்கா, நமக்குத் தைக்கும்போது மட்டும் டேப்பு எங்கன போச்சாம்?”

அதே தோள்

உங்க கிட்ட மறைக்க என்ன இருக்கு? தீபாவளி வந்தா எனக்கு ஒரு கோட்டி பிடிக்கும், பைத்தியந்தான். கோமதி அளவுல எந்தப் பிள்ளை கடைக்குள்ள வருதுன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். பின்பக்கம் தோளைப் பாத்தாலே தெரிஞ்சுரும். வந்தா, கெஞ்சிக் கூத்தாடி ஒரு சுடிதாரை மாட்டிப் பாக்கச் சொல்லுவேன். சரியா இருந்தா நானே எடுத்துக்கிடுவேன். அனுப்ப மாட்டேன். எந்த மொகத்தோட அனுப்ப? போன்ல அவ நம்பர் இருக்கு. பேருக்குப் பக்கத்துல போட்டோ இருக்க இடத்துல ஒரு செம்பருத்திப் பூ. பூவுக்கு இடுப்பளவு எப்படித் தெரியும்? அப்படி ரெண்டு தீபாவளிச் சுடிதாரு, கவர் பிரிக்காம பீரோவுல கிடக்கு.

இந்த வருஷமும் ஒரு பிள்ளை வந்துது. மலை எஸ்டேட்டுல பிறந்து வளந்து, இப்ப இங்கன ஆஸ்பத்திரியில வேலை பாக்குது. தோள் பதினாலு, சத்தியமா. கழுத்தைச் சாய்க்கிறது கூட கோமதி மாதிரியே. எலுமிச்சங்காய்ப் பச்சையில ஒரு சுடிதாரை நீட்டி, “எனக்காக ஒரே தடவை போட்டுப் பாரும்மா, என் மகளுக்கு”ன்னேன். போட்டுட்டு வந்து, முன்னால திரும்பி, பின்னால திரும்பிக் காட்டுச்சு. மடிப்பைச் சரி பண்ணுத சாக்குல தோள்ல ஒரு தடவை கையை வச்சேன். எடுக்க மனசு வரல. அந்தப் பிள்ளையும் நகரல, பாவம்.

“உங்க மக என்ன சைஸுக்கா?”ன்னு கேட்டுது. “மூணு வருஷத்துக்கு முன்னால உன் சைஸ்தான்”னேன். “இப்ப?” நான் டேப்பைச் சுருட்ட ஆரம்பிச்சேன். அது என் மூஞ்சியவே பாத்துது. உள்ள போயி உடை மாத்திட்டு வந்து, பச்சைச் சுடிதாரை என் கையில குடுத்துட்டுச் சொல்லுச்சு: “நான் நானுதான்க்கா, உங்க மகளுக்கு எது சேரும்னு உங்க மக கிட்டதானே கேக்கணும்?”

உள்ள விட்ட துணி

அன்னைக்கு அந்த ரெடிமேடு சுடிதாரை நான் எடுக்கல. ரெடிமேடுல உள்ள துணி விட மாட்டான், நகத்தளவு விட்டு ஓரத்தை ஓவர்லாக் அடிச்சு அடைச்சிருப்பான். அளவு தெரியாத ஆளுக்கு அது ஆகாது. அதே பச்சையில மீட்டர் துணி வாங்கி, ஞாயித்துக்கிழமை வீட்டுல உக்காந்து நானே வெட்டுனேன். பழைய அளவுல தச்சேன், ஆனா ரெண்டு பக்கமும் ஒன்றரை இஞ்சு உள்ள விட்டேன். தடிச்சிருந்தாப் பிரிச்சுக்கிடட்டும், இளைச்சிருந்தாப் பிடிச்சுக்கிடட்டும். எங்க வீட்டுல அவுக வாசல்ல உக்காந்து பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தாக. பச்சைத் துணியையும் பாத்தாக, என்னையும் பாத்தாக. யாருக்குன்னு கேக்கல.

புதுத்துணின்னா ஒரு ஓரத்துல மஞ்சள் தடவித்தான் உடுத்தணும். தீபாவளிக்கு எல்லாத் துணிக்கும் நான்தான் தடவுவேன். இதுக்கும் தடவுனேன், வெளிய தெரியாம, உள் தையல் மேல. மறுநாள் கடையில மாரி முன்னால பொட்டலத்தை வச்சேன். “உனக்கு அவ அட்ரஸ் தெரியும்லா?”ன்னேன். “மூணு வருஷமாத் தெரியும்”ங்கா கழுதை. “அனுப்புதவங்க இடத்துல உன் பேரைப் போடு, என் பேரு வேண்டாம்”னேன். அவ பொட்டலத்தை வாங்கி மாரோட அணைச்சு வச்சுக்கிட்டுச் சொன்னா: “இதைக் கேக்கதுக்குத்தான்க்கா மூணு வருஷமா உங்க பக்கத்துலயே நிக்கேன்.”

எங்கன பிடிக்குது

நாலு நாள் ஆச்சு. அஞ்சாம் நாள் மத்தியானம், கடையில சாப்பாட்டு நேரம். டிபனைத் திறந்து வச்சிருக்கேன், போன் ஒரு தடவை அதிர்ந்துது. பாத்தா செம்பருத்திப் பூ. ஒரே ஒரு வரி: ‘பச்சைச் சுடிதார் பிடிக்கும்மா.’

மாரி எட்டிப் பாத்துட்டுத் துள்ளுதா. “எக்கா, பிடிச்சிருக்காம்க்கா! பிடிச்சிருக்காம்!” நான் அவ கையைப் பிடிச்சு நிறுத்துனேன். “சும்மா இருட்டி. அவ தையக்காரி மக. இறுக்குதுங்காளா, ஆசைப்படுதாளான்னு உனக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை நானா அர்த்தம் பண்ணி மூணு வருஷம் போச்சு.” கையில சோறு ஒட்டியிருக்கு, கழுவக் கூடத் தோணல. இடது கையால அமுக்குனேன். ரிங் போகுது. ட்ரையல் ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டேன்.

“அம்மா”ன்னா. என்ன பேசன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதானே, அதையே கேட்டேன். “ஏட்டி, எதைச் சொல்லுதே? பிடிச்சிருக்குங்கியா, பிடிக்குதுங்கியா? எனக்குப் பட்டுன்னு சொல்லு.”

அவ சிரிச்சா. சிரிப்பு பாதியிலேயே அழுகையா மாறிட்டு. “ரெண்டுந்தாம்மா. மாரி பேருதான் போட்டிருந்துது, உள்ள திருப்பிப் பாத்தேன், மஞ்சள் இருந்துது. ஒன்றரை இஞ்சு துணி விட்டிருந்துது. எங்க கம்பெனியில எவனும்மா இவ்வளவு துணி விடுவான்?”

“சரி, எங்கன பிடிக்குது?”

“தோள் சரியா இருக்கு. கை சரியா இருக்கு. மார்புல லேசா.” நிறுத்துனா. “வயித்துலதாம்மா.”

பதினாலு வருஷமா டேப் பிடிச்ச கையி. தோள் அப்படியே இருந்து வயிறு மட்டும் இறுக்குனா என்ன அர்த்தம்னு எனக்கா தெரியாது? டாக்டருக்கு முன்னால நாங்கதான் கண்டுபிடிப்போம். “எத்தனை மாசம்?”ன்னேன். “அஞ்சு முடியப் போகுது.” கண்ணாடியில பாத்தா, எல் சைஸ் ஜாக்கெட்டு போட்ட ஒருத்தி வாயைப் பொத்திக்கிட்டு அழுதுக்கிட்டு நிக்கா. அஞ்சு மாசம்! என்ன சாப்பிட்டாளோ, யாரு செஞ்சு குடுத்தாங்களோ.

“அன்னைக்கு நீ சொன்னது எனக்குக் காதுல விழலடி”ன்னேன். “துணியைச் சொல்லுதேன்னு நினைச்சுட்டேன். என் மேலதான் தப்பு.” வெளிய யாரோ ட்ரையல் ரூம் கதவைத் தட்டுதாங்க, மாரி, “உள்ள ஆளு இருக்கு, ரொம்பப் பிடிச்சிருக்காம், நேரமாகும்!”னு வெரட்டுதா. “நீயே பிரிக்காதே, கோணிரும். நான் வந்து பிரிச்சுத் தாரேன்”னேன். “எப்பம்மா வருவே?”ன்னா. “லீவு சொல்லணும், பாக்கேன்”னேன். அதுக்கு அவ சொன்னா: “சீக்கிரம் வாம்மா, வாரத்துக்கு வாரம் பிடிக்குது.”

கத்தரி

வீட்டுல அவுக கிட்ட, “ஞாயித்துக்கிழமை திருப்பூர் வரைக்கும் போகணும், ஒரு ஆல்ட்ரேசன்”னு மட்டும் சொன்னேன். யாருக்குன்னு கேட்டா சொல்லிரணும்னு நெஞ்சைத் திடமாக்கிக்கிட்டு நின்னேன். கேக்கல. சாப்பிட்டாக, கையைக் கழுவுனாக, கட்டியிருந்த சாரத்துல துடைச்சுக்கிட்டு வெளிய போயிட்டாக. கல்லுல அடிச்ச மனுசன்னு திட்டிக்கிட்டே பையில துணிமணியை எடுத்து வச்சேன். பீரோவுல கிடந்த ரெண்டு வருஷச் சுடிதாரையும் எடுத்து வச்சேன். அரக்கு ஜாக்கெட்டை எடுத்துப் பாத்துட்டு, திரும்ப அங்கனயே வச்சேன். அது கச்சிதமா இருந்து பண்ணுன வேலை போதும்.

மறுநாள் காலையில பையைத் தூக்கப் போனா, மேல என் கத்தரி இருக்கு. மழுங்கி மொட்டையாக் கிடந்தது, இப்ப பளபளன்னு இருக்கு. அவுக பஸ் சாவியை எடுத்துக்கிட்டு செருப்பை மாட்டுதாக. என் பக்கம் திரும்பல. படியில இறங்கிக்கிட்டே சொன்னாக: “சாணை பிடிச்சிருக்கேன், பிள்ளைக்கு நோகாம பையப் பையப் பிரி.”

ஊர் உலகத்துல பிடிச்சா சந்தோசம், பிரிஞ்சா அழுகை. பிடிச்சதுக்கு அழுது பிரிக்கதுக்குச் சந்தோசமா பஸ் ஏறுத தொழில் எங்க தொழில் ஒண்ணுதான்.